முப்பத்தேழு டிகிரியில் முப்பது நிமிஷம்

இரண்டு பத்துக்குக் குழாய்களைச் சூட்டுத் தொட்டியில் இறக்கியாயிற்று, இரண்டு நாற்பதுக்கு எடுத்தால் போதும், அதுவரைக்கும் சுகந்திக்கு இந்தப் பூலோகத்தில் ஒரு வேலையும் கிடையாது. வினையே அதுதான். கையில் வேலை இருக்கிற வரைக்கும் மனசு சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கும். கை ஓய்ந்ததும் பாருங்கள், அதற்குக் கால் முளைத்துவிடும். தொட்டியின் தெர்மாமீட்டரைப் பார்த்தாள், முப்பத்தேழு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், இரண்டு பதினொன்று. செல்போனை எடுத்து அதிலும் மணி பார்த்தாள், அதிலும் இரண்டு பதினொன்றுதான், பின்னே அதில் மட்டும் மூன்றா ஆகியிருக்கும். தாவரவியல் துறை ஆராய்ச்சிக்கூடத்தில் இவளைத் தவிர ஆள் இல்லை, எல்லாரும் சாப்பிட்டு வந்து ஸ்டாஃப் ரூமில் கண்ணசந்திருப்பார்கள். தொட்டிக்குள் ஏழு கண்ணாடிக் குழாய்கள். மூன்றின் கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்ட், மூன்றின் கழுத்தில் பச்சை, ஏழாவது மொட்டை, அது ஒப்புக்குச் சப்பாணி, வெறும் மாவுத் தண்ணீர். சிவப்பில் ஒரு தண்ணீரில் முளைத்த பாசிப்பயறின் சாறு, பச்சையில் வேறொரு தண்ணீரில் முளைத்த பயறின் சாறு, இரண்டிலும் அதே மாவுத் தண்ணீர் கலந்தது. ஒரு தண்ணீர் காய்ச்சி வடித்தது, அப்பழுக்கில்லாதது. இன்னொரு தண்ணீர் அவள் வீட்டுக் கிணற்றில் திங்கட்கிழமை காலை மகள் மகிழினியின் பழைய ஸ்கூல் பாட்டிலில் பிடித்து வந்தது. எந்தப் பேண்டுக்கு எந்தத் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியாது, தெரியக் கூடாது என்று அவளேதான் ஏற்பாடு பண்ணினாள். துறையில் முப்பது வருஷமாகக் குழாய் கழுவுகிற சவரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்களே ஊத்துங்க, நீங்களே பேண்டு மாட்டுங்க, நான் கால்ல விழுந்து கேட்டாக்கூட எது எதுன்னு சொல்லிராதீங்க" என்றாள். "பரீட்சைப் பேப்பர்ல நம்பரை மறைக்கிற மாதிரியா மேடம்?" என்று அவர் சிரித்தார். ஆமாம் என்று இவளும் சிரித்தாள். சிரிக்கிற விஷயமா அது. தன் கையைத் தானே நம்பாதவள்தான் அப்படி ஒரு ஏற்பாடு பண்ணுவாள்.

ஏன் நம்பவில்லை என்றால், தனக்கு எந்த நிறம் வேண்டும் என்று அவளுக்கே தெரிந்துபோயிருந்தது. அது தெரிந்ததிலிருந்துதான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. விஷயம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விதைக்குள் மாவு இருக்கிறது. முளைவிடும்போது அமைலேஸ் என்று ஒரு நொதி சுரந்து அந்த மாவைச் சர்க்கரையாக உடைத்துக் குருத்துக்கு ஊட்டும், பிள்ளைக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிற மாதிரி. தண்ணீரில் குரோமியமோ ஈயமோ இருந்தால் அந்த நொதியின் கையைக் கட்டிப்போட்டுவிடும். மாவு அப்படியே கிடக்கும், குருத்து பட்டினி. முப்பது நிமிஷம் கழித்து ஒரு சொட்டு அயோடின் விட்டால் குட்டு உடைந்துவிடும்: மாவு மிச்சமிருந்தால் நீலம், தின்று தீர்ந்திருந்தால் மஞ்சள். மூன்று வருஷமாக இதே வேலை, குளத்துக்கு அந்தப் பக்கம் தோல் ஷாப்புகளை ஒட்டின கிணறுகளில் தண்ணீர் எடுத்து வந்து, பயறு ஊறப்போட்டு, அரைத்து, நீலமா மஞ்சளா என்று பார்த்து எழுதுவது. தோலைப் பதப்படுத்த அங்கே குரோமியம் போடுவார்கள், அது கழிவோடு மண்ணில் இறங்கிக் கிணற்றில் ஊறும், அந்தக் கிணற்றுத் தண்ணீரெல்லாம் இறைத்தாலே மஞ்சளாகத்தான் வரும், யாரும் குடிப்பதில்லை, மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அந்தத் தண்ணீரில் நீலம் வந்தால், ஆஹா, நல்ல ரிசல்ட் என்று டீ குடிக்கப் போவாள். ஊரான் வீட்டுக் கிணறு கெட்டதற்கு எத்தனை டீ குடித்திருப்பாள். இப்போது தொட்டியில் கிடப்பது ஊரான் வீட்டுத் தண்ணீர் இல்லை.

அத்தை மட்டும் அந்த முளைப்பாரியை இவளிடம் விதைக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அத்தை என்றால் மாமியார், பேச்சியம்மாள். வைகாசியில் மாரியம்மன் திருவிழாவுக்கு அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு பாரி வளர்க்க வேண்டும்: மண்சட்டியில் எருவும் கரம்பை மண்ணும் போட்டு, பயறு தட்டை சோளம் எல்லாம் கலந்து தூவி, இருட்டறையில் ஒன்பது நாள் வைத்துத் தண்ணீர் தெளித்து, பத்தாம் நாள் தலையில் தூக்கிப் போய்க் குளத்தில் கரைப்பது. பாரி வளர்கிற மாதிரி அந்த வீடு வளரும் என்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தைதான் விதைப்பாள், அறைக்குள் அவளைத் தவிர ஒரு ஈ காக்கா நுழையக் கூடாது. இந்த வருஷம் என்னவோ, "எனக்கு முட்டி வலிக்குது, உக்காந்து எந்திரிக்க முடியல, நீயே விதை ஆத்தா" என்று விதைக் கொட்டானை இவள் கையில் கொடுத்துவிட்டாள். இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. விதை முளைக்கிறதைப் பற்றிப் பி.எச்டி. பண்ணுகிறவளுக்கு இதென்ன பிரமாதம் என்று நினைத்தாள். ஐந்தாம் நாள் மனசு கேட்காமல் செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தாள், பார்த்தால் மஞ்சளாக, சூம்பிப்போய், நாலு விரக்கடைகூட இல்லை. லைட் வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்து அத்தை பார்த்துவிட்டாள். பத்தாம் நாள் ஊரார் பாரியெல்லாம் முழம் உயரத்துக்குச் சிலுசிலு என்று ஆடிக்கொண்டு போக, இவர்கள் வீட்டுப் பாரி மட்டும் மொட்டையடித்த தலையில் முடி முளைத்த கணக்காக. அத்தை அதன் மேல் மல்லிகைச் சரத்தைச் சுற்றி மறைத்தாள். மறைத்தால் தெரியாதா. தெருமுனையில் நின்று, "எம் மருமவ லைட்டடிச்சுப் பாத்துட்டா, அப்புறம் எங்கிட்டு வளரும்" என்று அத்தையே எல்லாரிடமும் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் இவளும் விட்டாள். லைட் பட்டதால் செடி குட்டையானதாம், இருட்டில் வெளிறி நீளமாக வளர்வதைப் பற்றி இவள் ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பாள். ஆனால் ஒன்றரை நிமிஷ வெளிச்சத்தில் எந்தச் செடியும் குட்டையாகாது. அப்படியானால் எதில்? அந்த "எதில்" தான் அன்றிலிருந்து தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

இரண்டு பதினெட்டு. இன்னும் இருபத்திரண்டு நிமிஷம், முழுசாக இருபத்திரண்டு. எழுந்து போய்க் கை கழுவினாள். இதோடு இன்றைக்கு எத்தனையாவது தடவை என்று அவளுக்கே கணக்கில்லை. சோப்பு போட்டு, நக இடுக்கில் பிரஷ் போட்டு, மறுபடி சோப்பு. கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தாள், சோப்பு வாசனைதான். குரோமியத்துக்கு வாசனை கிடையாது என்று தெரிந்தும் மோந்தாள். அலமாரியின் இரண்டாம் தட்டில் அந்தப் பாட்டில் இருக்கிறது, டைகுரோமேட் என்கிற குரோமிய உப்பு, ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் பார்க்க லட்சணமாக இருக்கும், அதைத்தான் தினமும் நிறுத்துக் கரைத்து விதைகளுக்கு ஊற்றுகிறாள். கையுறை போடுவாள். எல்லா நாளும் போடுவாளா? கையுறை டப்பா காலியான வாரங்களில்? முளைப்பாரி விதைத்த அன்றைக்கு? அன்றைக்கு வெள்ளிக்கிழமை, லேபிலிருந்து நேராகப் போய், கால் கழுவி, தலைக்கு ஊற்றி, ஈரத்தலையோடு விதைத்தாள். தலைக்கு ஊற்றினாள், நகத்துக்குள் பார்த்தாளா? அந்தக் கையால்தானே விதையைப் பிசிறினாள். அந்தக் கையால்தானே மகிக்குத் தினமும் தலை வாரிவிட்டுச் சோறு ஊட்டுகிறாள். மகியின் முழங்கை மடிப்பில் இரண்டு மாதமாகத் தடிப்பு தடிப்பாக எழும்பி, பிள்ளை சொறிந்து சொறிந்து ரத்தம் வருகிறது, இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. டாக்டர் அலர்ஜி என்று ஒரு களிம்பு கொடுத்தார். அத்தை வேறு சொன்னாள். "நீ அங்கிட்டு என்னத்தையோ விஷத்தைத் தொட்டுட்டு அப்படியே வந்து பிள்ளையத் தூக்குற. பாரியும் உங் கை பட்டுத்தான் கருகுச்சு, பிள்ளைக்கும் உங் கைதான். படிச்சது போதும், விட்ரு ஆத்தா." கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அத்தை அதைத் தணிவாக, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதைவிடக் கொடுமை, அதில் நியாயம் இருந்தது. அறிவியல்படியே நியாயம் இருந்தது.

ஆக, கிணற்றுத் தண்ணீர்க் குழாய் மஞ்சளானால் கிணறு நல்ல கிணறு, பாரியைக் கருக்கியது இவள் கை, பிள்ளையின் தோலைத் தின்பது இவள் கை. நீலமானால் இவள் கை சுத்தம், ஆனால் பிறந்ததிலிருந்து பிள்ளை குடித்த தண்ணீர் விஷம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது. இதில் பெற்றவள் எதை வேண்டிக்கொள்ள வேண்டும்? பழி எனக்கு வரட்டும், கிணறு நன்றாக இருக்கட்டும் என்றுதானே? அடிப் பாவி, இவள் மனசு மூன்று நாளாக நீலம், நீலம் என்று அடித்துக்கொள்கிறது. செவ்வாய்க்கிழமை ராத்திரி பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கும்போதுதான் அது அவளுக்கே பிடிபட்டது. பிள்ளையின் முதுகில் தட்டிக்கொண்டே, கிணறாக இருக்கணும், கிணறாக இருக்கணும் என்று தட்டுக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். சீ என்று கையை எடுத்துவிட்டாள். பிள்ளை, "தட்டும்மா" என்றது.

இரண்டு இருபத்து நாலு. நிஜமாகவே கிணறாக இருக்க முடியுமா? அவர்கள் தெரு மேட்டுத் தெரு, தோல் ஷாப்புகள் குளத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு கிலோமீட்டர் இருக்கும். நகராட்சித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற ஊரில் அந்தக் கிணறு ஒரு பெரிய சொத்து. மாமா உயிரோடு இருந்தபோது வருகிற விருந்தாளிக்கெல்லாம் காப்பிக்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, "எப்படி, கல்கண்டு மாதிரி இல்ல?" என்பார், இல்லை என்று யார் சொல்வது. நிறம் கிடையாது, நாற்றம் கிடையாது. மகி பிறந்தபோது இவள் ஒரு சட்டம் போட்டாள், பிள்ளைக்குக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். ஐந்து வருஷமாகத் தினமும் காலையில் கிணற்றுத் தண்ணீரை எவர்சில்வர் பானையில் ஊற்றி, தளதள என்று கொதிக்கவிட்டு, பாதியாக வற்றினால் இன்னும் நல்லது என்று வற்றவிட்டு, ஆற வைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி. வற்றவிட்டு! கொதித்தால் கிருமி சாகும், உலோகம் சாகுமா? தண்ணீர் ஆவியாகிப் போகும், இருக்கிற குரோமியமெல்லாம் மிச்சத் தண்ணீரில் சேர்ந்து நிற்கும். இரண்டு மார்க் கேள்வி இது. போன செமஸ்டர் வினாத்தாளில் இவளே எடுத்த கேள்வி. பிள்ளைகள் பாதிப் பேர் தப்பாக எழுதியதற்கு வகுப்பில் நின்று, "கொஞ்சம் யோசிச்சு எழுதக் கூடாதா" என்று கத்தினாள். ஊருக்குத்தான் உபதேசம். அன்றைக்கும் காலையில் வீட்டில் பானையைக் கொதிக்கவைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

இல்லை, இது வெறும் பயம், கிணற்றில் ஒன்றும் இருக்காது என்று நினைக்கலாம் என்றால் அந்த நம்பர் வந்து நிற்கிறது. எத்தனையோ தடவை அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கெட்ட கிணறு ஆறு, ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கிணறு ஒன்று வேண்டும் என்று வந்தபோது, நல்ல கிணற்றுக்கு எங்கே போவது, நம் வீட்டிலேயே இருக்கிறதே என்று பெருமையாக ஒரு கேன் கொண்டுவந்தாள். அளந்து பார்த்தால் நொதியின் வேலை மூன்றில் ஒரு பங்கு குறைவாக நடந்திருந்தது. வழிகாட்டி ஞானதுரை சாரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "குளத்துக்கு இந்தப் பக்கம் எப்படிம்மா வரும்? பிப்பெட்டை ஒழுங்காப் பிடி. நல்ல கிணறே இப்படி விழுந்தா கமிட்டியில என்னன்னு சொல்லுவ?" என்றார். இவளும் ஆமாம் சார் என்றாள். மறுபடி ஒரு தடவை செய்து பார்த்திருக்கலாம், அரை நாள் வேலை. செய்யவில்லை. கை நடுங்கியிருக்கும், மாவுக் கரைசல் பழசாக இருந்திருக்கும் என்று ஆயிரம் காரணம் அகப்பட்டது, கிணறு மட்டும் அகப்படவில்லை. நோட்டில் அந்த வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டு, நல்ல கிணற்றுக்குப் பதில் காய்ச்சி வடித்த தண்ணீர் என்று எழுதிக்கொண்டாள். அடித்தபோது மனசு லேசாக இருந்தது. அன்றைக்கு மகிக்கு மூன்று வயசு. அன்றைக்கே நிறுத்தியிருந்தால், என்று ஆரம்பித்த நினைப்பை அதற்கு மேல் போகவிடாமல் எழுந்து மறுபடியும் கை கழுவப் போனாள்.

"என்ன மேடம், குழாய்ல தண்ணி தீந்துரும் போல" என்று சவரிமுத்து அண்ணன் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். மணி இரண்டு முப்பத்து மூன்று. பூனை மாதிரி வருவார், எப்போதும் அப்படித்தான். ஒரு கிளாஸை மேஜை ஓரத்தில் வைத்தார். டீ எந்தத் தண்ணீரில் போட்டது என்று கேட்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள், இப்படியே போனால் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். "பயறு முளைக்க வச்ச தட்டைப் பாத்தீங்களா, பச்சை பேண்டு போட்ட தட்டுல வேரு கொஞ்சம் குட்டை" என்றார் அவர். அதை இவளும் பார்த்தாள், காலையில் அரைக்கும்போதே பார்த்தாள், பார்க்காத மாதிரி அரைத்தாள். கொஞ்சம்தான் குட்டை. கொஞ்சம் என்றால் நம்பவும் முடியாது, விடவும் முடியாது. பயறில் பயறுக்கு வித்தியாசம் இல்லையா, ஒரு வயிற்றுப் பிள்ளைகளே ஒரே உயரமா வளர்கிறார்கள். "அண்ணே, பச்சை எது?" என்று கேட்டுவிட்டாள். அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "நீங்கதான மேடம் கால்ல விழுந்தாக்கூடச் சொல்லாதேன்னீங்க. இன்னும் கால்ல விழலையே" என்றார். சிரிக்கப் போனவர் இவள் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "ஏழு நிமிஷம்தான, இருங்க மேடம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இந்த மனுஷர் எத்தனை பேர் ரிசல்ட்டுக்கு இப்படி உட்கார்ந்திருப்பார், ஒருத்தராவது இவர் பெயரை ஆய்வேட்டில் போட்டிருப்பார்களா என்று எதற்கோ ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. பச்சை குட்டை. பச்சை கிணறாக இருந்தால். பச்சை கிணறாக இல்லாமல், காய்ச்சி வடித்த தண்ணீரில் குட்டையாகி, கிணற்றில் நெட்டையாக வளர்ந்திருந்தால்? அப்படியும் நடக்கும், கிணற்றுத் தண்ணீரில் சத்து உண்டு. அப்படியே இருக்கட்டும், மாரியாத்தா, அப்படியே இருக்கட்டும், என் கை அழுகிப் போகட்டும், கிணறு நல்லா இருக்கட்டும். முதல் தடவையாக அப்படி வேண்டினாள். வாய்தான் வேண்டியது. உள்ளே, அன்றைக்குப் பிள்ளையைத் தட்டிய தாளத்திலேயே, நீலம், நீலம் என்பது நிற்கவே இல்லை.

இரண்டு நாற்பது. ஸ்டாண்டோடு தூக்கி மேஜையில் வைத்தாள். பழக்கப்பட்ட கை தானாகவே அயோடினை எடுத்தது. மொட்டைக் குழாயில் ஒரு சொட்டு, மசி மாதிரி நீலம், அது அப்படித்தான் வர வேண்டும். சிவப்பு ஒன்று, ஒரு சொட்டு, மஞ்சள். சிவப்பு இரண்டு, மஞ்சள். மூன்று, மஞ்சள், தேன் நிறத்தில் கண்ணாடியாகத் தெளிந்து நின்றது. பச்சை ஒன்று. ஒரு சொட்டு விட்டாள். கீழே இறங்கிய சொட்டு விரிந்து நீலமாயிற்று. மொட்டைக் குழாய் அளவுக்கு இல்லை, ஆனால் நீலம்தான், அதில் சந்தேகமே இல்லை. பச்சை இரண்டு, நீலம். பச்சை மூன்று, நீலம். "அண்ணே" என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தைப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் மாதிரி மெதுவாக, "பச்சை... பாப்பா பாட்டில் தண்ணி, மேடம்" என்றார்.

நான் இல்லை! என் கை இல்லை! அதுதான் முதலில் வந்தது, என்ன செய்ய, அதுதான் வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி மூச்சு தாராளமாக இறங்கியது, சிரிப்புக்கூட வந்துவிட்டது. ஒரு மூச்சுதான். அடுத்த மூச்சில் எவர்சில்வர் பானை தளதள என்று கொதித்தது. மகி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு "ஆ" என்று ஒரு சத்தம் போடுவாள், அந்தச் சத்தம் கேட்டது. குரோமியமா, உப்பா, ஈயமா, எவ்வளவு, அதெல்லாம் பெரிய மிஷினில் கொடுத்துப் பார்க்க வேண்டும், ஒரு குழாயை வைத்துச் சாதிக்க முடியாது என்று தலையில் ஒரு பக்கம் ஞானதுரை சார் குரலில் பேசிக்கொண்டே இருந்தது. பேசட்டும். பயறே முளைக்க யோசிக்கிற தண்ணீர். மணி இரண்டு நாற்பத்தைந்து, பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள், இந்நேரம் தூங்கி எழுந்திருப்பாள், எழுந்ததும் தண்ணீர்தான் கேட்பாள். செல்போனில் அத்தை நம்பரை அழுத்தினாள். மூன்று தடவை மணி அடித்தது, நாலு. எடுக்கிற வரைக்கும் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் மேஜையைச் சுற்றி நடந்தாள்.

"என்னத்தா, இந்நேரத்துல?" என்றாள் பேச்சியம்மாள். சுகந்தி எப்படியெல்லாமோ பக்குவமாகச் சொல்ல நினைத்தவள் ஒன்றும் முடியாமல், "அத்தை, பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதீங்க. நீங்களும் குடிக்காதீங்க. நம்ம கிணறு கெட்டுப்போச்சு. தோல் ஷாப்புத் தண்ணி இறங்கியிருக்கு, பரிசோதனை பண்ணிப் பாத்துட்டேன். பாரி வளராததும் அதுலதான்" என்று ஒரே மூச்சில் கொட்டினாள். இப்போது அத்தை கத்துவாள், உங்க மாமா வெட்டின கிணறுடி என்பாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அத்தை? இருக்கீங்களா?" "இருக்கேன்" என்றாள் அத்தை. பிறகு, "பாரி வளராதது தண்ணியிலயா?" என்றாள். "ஆமாத்தை." "நல்லாத் தெரியுமா?" "தெரியும்த்தை." மூக்கை உறிஞ்சுகிற ஒலி மட்டும் கேட்டது. அத்தை அழுது இவள் பார்த்தது மாமா செத்தன்றைக்கு மட்டும்தான். "உங்க மாமா செத்த வருஷத்துல இருந்தே பாரி வளரலைடி. மூணு வருஷமா வளரல. தாலியறுத்த கை, அதான் ஆத்தாளுக்கு ஆகலைன்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் எந் தங்கச்சி ஊருல ஒரு பாரி சேத்து வளக்கச் சொல்லி, விடியக்கருக்கல்ல பஸ்ஸுல கொண்டாந்து மாத்தி வச்சு எடுத்தேன். யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் அவளும் இடுப்பொடிஞ்சு படுத்துட்டா. சுமங்கலி கையாவது வெளங்கட்டும்னுதான் உன்னைய விதைக்கச் சொன்னேன். முட்டி வலியெல்லாம் ஒண்ணுமில்ல." சுகந்தி செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "உங் கையிலயும் வளரலைன்னதும், எனக்குன்னா..." அத்தை நிறுத்தினாள். "எனக்கு நிம்மதியா இருந்துச்சுடி. எங் கை மட்டுமில்லன்னு. தெருவுல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அதுக்குத்தான் சொன்னேன்." சுகந்திக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், நியாயமாக. வரவில்லை. "எனக்குந்தான்த்தை. இப்பத்தான், அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி" என்றாள். அத்தைக்கு அது புரிந்ததோ இல்லையோ, "ம்" என்றாள்.

மூன்று வருஷம். மகிக்கு ஐந்து. இரண்டு வயசிலிருந்து, அல்லது அதற்கு முன்னாலேயே, யாருக்குத் தெரியும். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள் அத்தை. பயறுக்கு என்ன ஆகும் என்று கேட்டிருந்தால் சுகந்தி எத்தனையாவது மணி நேரத்தில் எது நிற்கும் என்று பட்டியலே சொல்லியிருப்பாள். "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுத்துப் பாப்போம்த்தை" என்றாள். "சரி. காலையில எறைச்ச தண்ணி ரெண்டு குடம் நெறையா இருக்கு. இதை எங்கிட்டு ஊத்த?" "முருங்கைக்கு ஊத்தாதீங்கத்தை, கீரை பறிப்போம்." "ரோட்டுல ஊத்துனா பக்கத்து வீட்டுக் கோழி குடிக்கும்." "ம்." "திரும்பக் கிணத்துலயே ஊத்தவா?" சுகந்தி யோசித்தாள். "தெரியலத்தை. மூடி வைங்க. நான் வாரேன்" என்றாள். அத்தை போனை வைக்கவில்லை. பின்னால் கதவு கிரீச்சிட்டு, தூக்கம் கலையாத குரலில் மகி, "அப்பத்தா, தண்ணி தவிக்குது" என்றாள். "அப்பத்தா, தண்ணி" என்றாள் மகி மறுபடியும்.